உண்ணி பார்க்கும் நேரம்

விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். கண் அப்புறம்தான். மணியின் இடது காதுக்குப் பின்னால், மயிர் அடர்ந்த இடத்தில், சின்னதாக ஏதோ நெருடுகிறது. மருவா, மண்ணா, அதுவேதானா? ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்து அடுக்குமாடியில், கூடத்து விளக்குகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் நாயைப் படுக்க வைத்திருக்கிறேன். வேட்டி அப்பாவுடையது. போன முறை வந்தபோது விட்டுவிட்டுப் போனார். வெள்ளைத் துணியில் விழுந்தால் தெரியும் என்பது அவர் சொன்ன யோசனைதான்.

நியூயார்க் மாநிலத்து ஹாரிமன் காட்டில் பகல் முழுக்க நடந்துவிட்டு வந்தால் இரவில் இது ஒரு மணி நேர வேலை. அங்கே இருப்பது மான் உண்ணி. வளர்ந்தது எள்ளளவு இருக்கும். அதற்கு முந்தைய பருவத்தில் கசகசா அளவு. மே, ஜூன் மாதங்களில் கசகசாதான் அதிகம், ஆபத்தும் அதில்தான் அதிகம், பார்வைக்குத் தப்பிவிடுகிறது அல்லவா? கறுப்பு நாயின் உடம்பில் கசகசாவைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். இது கொண்டுவரும் லைம் நோய்க்கு அந்தப் பெயரே நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலமான கனெடிகட்டின் ஓர் ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. 1975 வாக்கில் அந்த வட்டாரத்துக் குழந்தைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்கியபோது, இது சும்மா இல்லை என்று பிடிவாதமாகச் சொன்னவர்கள் அம்மாக்கள். கடித்த உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உள்ளே இறங்கும் என்கிறார்கள். அதனால்தான் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றைக்கு இரவே பார்த்துவிட வேண்டும்.

எனக்குத் தெரிந்த உண்ணி வேறு. எங்கள் ஊரில் உண்ணி என்றால் ரத்தம் குடித்து உப்பிப் போய், ஆமணங்கொட்டை மாதிரி பளபளவென்று இருக்கும். ஆமணக்குக்குத் தாவரவியல் பெயர் ரிசினஸ். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்ணி என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஐரோப்பியர்களுக்கும் எங்கள் திண்ணைக்கும் ஒரே கண்தான் போலிருக்கிறது.

அந்தத் திண்ணையில், பஞ்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா, தூங்கப் போகுமுன் நாய்க்கு உண்ணி எடுப்பார். அந்த நாயின் பெயரும் மணிதான். எங்கள் ஊர் ராஜபாளையம் என்று சொன்னதும், 2005இல் தபால்தலையில் வந்ததே, அந்த வெள்ளை நாயா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் மணி செவலை. அதன் அம்மா மில் கேட் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும், அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது. என் அப்பா கட்டைவிரல் நகத்தையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு சுண்டு சுண்டுவார். பக்கத்தில் கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய். ஒவ்வொன்றாக அதில் விழும். எண்ணுவது என் வேலை. அவர் கண் பாதி மூடியிருக்கும். பஞ்சுத் தூசி படிந்த இமை. ஆனால் விரல் மட்டும் தூங்காது.

இங்கே மணி என்று கூப்பிட்டால் எல்லாரும் பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் நான் "மணீ, மணீ" என்று கத்தியபோது ஒரு தாத்தா தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊர் மணிக்குக் கயிறே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயிலுக்குப் போனால், ஆறாவது மைல் நீர்த்தேக்கம் தாண்டி, மலை அடிவாரம் வரைக்கும் சைக்கிளுக்கு முன்னாலோ பின்னாலோ ஓடிவரும். எங்கள் நடைக்கு ஹைக்கிங் என்று பெயர் உண்டு என்றெல்லாம் தெரியாது. மலைக்குப் போறோம், அவ்வளவுதான். வழியெல்லாம் உண்ணிச்செடி. மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து, கறுத்த பழம் பழுத்துக் கிடக்கும். பறித்துத் தின்று நாக்கு கறுத்து வருவோம். அந்தப் புதருக்குள் மணி புகுந்து வந்தால் அன்றைக்குக் கொட்டாங்கச்சி நிறைந்துவிடும். அதனால்தான் அதற்கு உண்ணிச்செடி என்று பெயர் என்று நானாக முடிவு செய்திருந்தேன். சரியா தப்பா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் அழகுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்த செடி அது, காட்டையே விழுங்கிவிட்டது என்பதெல்லாம் பின்னால் படித்தது.

ஹாரிமனிலும் ஒரு உண்ணிச்செடி இருக்கிறது. ஜப்பானிய பார்பெரி. அதுவும் அழகுக்காக வந்ததுதான், 1875இல் பாஸ்டன் நகரத்து ஆர்னால்டு தோட்டத்துக்கு விதையாக. இப்போது மரத்தடியெல்லாம் முள்ளும் சிவப்புக் காயுமாக அடர்ந்து நிற்கிறது. அதன் அடியில் தங்கும் ஈரம் உண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும், பார்பெரி அடர்ந்த இடத்தில் உண்ணி கூடுதல் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்கிறார்கள். மணி அதற்குள்தான் தலையை விடும். ஆறடிக் கயிறு. நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் மாநிலப் பூங்காக்களில் நாய்க்கயிறு ஆறடிக்கு மேல் போகக்கூடாது. பார்பெரி எப்போதும் ஐந்தரை அடியில்தான் முளைத்திருக்கிறது.

மலை வேண்டும் என்றால் எங்களுக்குக் கார் வேண்டும். ஹோபோக்கனிலிருந்து டக்ஸீடோவுக்கு ரயில் இருக்கிறது, இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காடுதான். ஆனால் ரயிலில் கூடைக்குள் அடங்குகிற பிராணிக்கு மட்டுமே இடம், மணி இருபத்தெட்டு கிலோ. வாடகைக் கார் எடுத்துத்தான் போவோம். திருப்பிக் கொடுக்குமுன் பின்சீட்டில் மயிர் பொறுக்க அரை மணி.

அப்பா வந்திருந்த அந்த ஜூனில் டக்ஸீடோவிலிருந்துதான் ஏறினோம். ராமபோ டண்டர்பெர்க் பாதை. நூறாண்டுக்கு முன்னால் தன்னார்வலர்கள் வெட்டிய பாதை, அங்கிருந்து ஹட்சன் ஆற்றங்கரை ஜோன்ஸ் பாயின்ட் வரை சுமார் 34 கிலோமீட்டர். நாங்கள் முழுசாகப் போனதில்லை. அதற்கு அடையாளம், மரத்தில் வெள்ளைச் சதுரம், நடுவே சிவப்பு வட்டம். அப்பா முதல் மரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்மா, இங்க யாரு சுண்ணாம்படிச்சுப் பொட்டு வச்சது?"

வழி தெரிவதற்காக என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த பொட்டு, அதற்கடுத்த பொட்டு என்று மணியும் அவரும் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். அதிலிருந்து பிரியும் கிளைப் பாதையின் ஏற்றத்தில் ஒரு பாறைக் குகை. அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்று கொள்ளையடித்த கிளாடியஸ் ஸ்மித் ஒளிந்திருந்த இடம், 1779இல் அவனைத் தூக்கிலிட்டார்கள் என்று சொன்னேன். அப்பா குகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி இல்லையா?" என்றார். அங்கேதான் பாறை விளிம்பில் மணியின் உள்ளங்கால் கிழிந்தது. பையிலிருந்து பேண்டேஜ் சுருள் எடுத்தார். சத்திரப்பட்டித் துணி. எங்கள் ஊருக்குப் பக்கத்து சத்திரப்பட்டியில் தறியெல்லாம் பேண்டேஜ்தான். அமெரிக்காவுக்கு எதற்கு இது என்று பெட்டியைப் பிரித்த அன்று நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சுற்றிக் கட்டினார்.

அடுத்த வாரம் பேர் மவுன்டன். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர் போகும் அப்பலாச்சியன் பாதையில் முதலில் திறந்த துண்டு இங்கேதான், 1923 அக்டோபரில். பாதை மலையிலிருந்து இறங்கி ஒரு சின்ன மிருகக்காட்சி சாலைக்குள் புகுந்து போகிறது. கரடிக்குப் பக்கத்தில் மனிதர் போகலாம், நாய் போகக்கூடாது. நாய்க்காரர்கள் வெளியே சுற்றிப் போக வேண்டும். அப்பா பலகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "தருமருக்கும் கடைசி வாசல்ல இதே தகராறுதான்," என்று சொல்லிவிட்டு வெளியே சுற்றுகிற வழியில் நடக்க ஆரம்பித்தார். கரடியைப் பார்க்கவேயில்லை.

அந்தச் சுற்றுவழியில்தான் பில் இர்வின் கதையைச் சொன்னேன். பார்வையற்றவர். 1990இல் ஓரியன்ட் என்ற தன் வழிகாட்டி நாயோடு இந்தப் பாதை முழுவதையும் நடந்து முடித்தார். ஆயிரக்கணக்கான தடவை விழுந்து எழுந்தார். எத்தனை மாதம், என்ன சாப்பிட்டார் என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார்.

"அப்ப அந்த நாய்க்கு உண்ணி யாரு பாத்தது?"

"அவரேதான் பார்த்திருப்பார்."

"ஆமா, கண்ணு எதுக்கு அதுக்கு," என்றார்.

எல்லாவற்றையும் இப்படி ஒத்துக்கொண்டுவிடவில்லை. வந்த முதல் வாரம், லிபர்ட்டி பார்க்கில் மணி உட்கார்ந்து எழுந்ததும் நான் பையோடு குனிந்ததைப் பார்த்து, "நாய்ப்பீ அள்ளவா உன்னப் படிக்க வச்சேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரே தண்ணீரில் சுதந்திர தேவியும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். மூன்றாவது வாரம் கதவைப் பூட்டும்போது "பை எடுத்தியா பாப்பா?" என்றார். தான் மட்டும் கயிற்றைப் பிடித்துப் போன நாளில் அவரே குனிந்தாரா என்று நான் கேட்கவில்லை.

உண்ணி எடுப்பதில்தான் சண்டை. பிடிவாதமாக ஒட்டியிருப்பதற்கு அவர் தீக்குச்சி கேட்டார். சூடு காட்டினால் அது வயிற்றில் இருப்பதை உள்ளே கக்கிவிடும், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்றேன். "நாப்பது வருசமா நாய் செத்தா போச்சு?" என்றார். கர்நாடகத்தின் கியாசனூரில் 1957இல் குரங்குகள் செத்து விழுந்து, மனிதருக்கும் வந்த காய்ச்சல் உண்ணியால்தான் என்று சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். கொட்டாங்கச்சிக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றிய ஜாம் பாட்டில். அதை ஒத்துக்கொண்டார்.

ஊரில் இப்போது நாயோடு மலைக்குப் போக முடியாது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்துவிட்டது. நாய்க்கு வரும் டிஸ்டம்பர் கிருமி பெரிய பூனைகளையும் கொல்லும், கிர் காட்டில் 2018இல் சிங்கங்கள் செத்ததைப் பார்த்தோமே. நியாயம்தான். ஆனால் சைக்கிளுக்கு முன்னால் ஓடிய செவலை இந்த நியாயத்துக்குள் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

போன் அடிக்கிறது. அங்கே காலை ஆறரை. திரையில் அப்பாவின் நெற்றியும் டீ டம்ளரும். போனை அவருக்கு எப்போதும் அவ்வளவுதான் பிடிக்க வரும்.

"காதுக்குப் பின்னால ஏதோ இருக்குப்பா."

"இழுக்காத. மொதல்ல தடவிப் பாரு. கால் இருந்தா அசையும்."

தடவினேன். அசையவில்லை. இடுக்கியால் எடுத்து விளக்கருகே பிடித்துப் பார்த்தால் முள். பார்பெரி முள்.

"விரல் இடுக்கு?"

நான்கு பாதமும் பார்த்தாயிற்று. பழைய தழும்பு மட்டும் வழுவழுவென்று தட்டுப்பட்டது. மணி பெருமூச்சுவிட்டு, எழுந்து, உதறிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனது. வேட்டியை மடிக்க நுனியைத் தூக்கினேன். கரைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கசகசா அளவு. சாப்பாட்டுக் கறையோ என்னவோ என்று குனிந்தேன்.

நகர்ந்தது.

"என்ன பாப்பா, என்ன?" என்று நெற்றி கேட்டுக்கொண்டே இருந்தது.