செண்டுப்பூ மாத்திரையும் மூக்கு டியூப்பும் - நாங்க செய்யப் போன தப்பு



வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் விபூதி, குங்குமம் எடுத்துக்கிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போறது நம்ம தொண்டர்கள் வழக்கம். போன மாசம் ஒரு ஐயா வீட்டுக்குப் போனோம். நம்மோட உட்கார்ந்து மாலை கட்டினவர். ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசமா மூக்கு டியூப்ல பால்தான் சாப்பாடு. "தம்பி, உங்க முகமெல்லாம் புகை மாதிரி தெரியுது" என்றார். அக்கா அழுதுட்டாங்க.

மனசு கேக்கல. நாங்க நாலு பேர் காசு போட்டு ஒரு பாட்டில் லூட்டீன் மாத்திரை வாங்கினோம். நாம மாலைக்குக் கட்டற செண்டுப்பூ இனத்திலிருந்து எடுக்கிற மஞ்சள் நிறமி அது. மாத்திரையைக் குத்தி எண்ணெயை டியூப்ல விடலாம்னு அக்கா கிளம்பிட்டாங்க. நாங்களும் சரின்னோம்!

நல்லவேளை, அன்னிக்கு வந்த தாதி தடுத்தாங்க. எண்ணெய் டியூப்ல ஒட்டும், அடைச்சா மறுபடியும் புது டியூப் போடணும், ஐயாதான் வேதனைப்படுவார். கீரைச் சாறும் அப்படித்தான். ஃபேக்டரியில மெஷினுக்கு எந்த எண்ணெய்னு கேக்காம ஒரு சொட்டு விடமாட்டோம். மனுஷனுக்கு விடப் போனோமே!

பிறகு உணவியல் நிபுணர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றோம்.

லூட்டீனும் ஸியாக்சாந்தினும் விழித்திரையின் நடுவுல இருக்கிற நிறமிகள். உடம்பு இதைத் தானா செய்யாது. கீரை, சோளம், முட்டை மஞ்சள் கருவிலிருந்துதான் வரணும். டியூப்ல சாப்பிடறவங்களுக்குப் பால் டின்ல இருக்கிறதுதான் கிடைக்கும். சில டின்ல இது உண்டு, சிலதுல இல்லை. அதனால டின் லேபிளைப் பாருங்க, நிபுணர்கிட்ட கேளுங்க.

அமெரிக்காவுல 4,203 பேரை வச்சு நடத்தி, 2013-ல முடிவு வந்த ஏரெட்ஸ்-2 ஆய்வுல லூட்டீன் 10 மில்லிகிராம், ஸியாக்சாந்தின் 2 மில்லிகிராம் கொடுத்தாங்க. வயசானதால விழித்திரை நடுப்பகுதி தேயறவங்களுக்கு, வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், செம்போட சேர்ந்த அந்த மாத்திரை நோய் முத்தறதை மெதுவாக்க உதவும். போன பார்வையைத் திருப்பித் தராது. கண்புரைக்கும் மருந்தில்லை. சிகரெட் பிடிச்சவங்க பீட்டா கரோட்டின் கலந்ததைத் தவிர்க்கணும், நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடும்.

ஐயாவுக்கு என்ன ஆச்சு? கண் டாக்டர் பார்த்தார். ரெண்டு கண்ணிலும் கண்புரை. இனிப்பு நீர் உள்ளவர், ஆனா படுத்த நாளிலிருந்து யாரும் கண்ணைப் பரிசோதிக்கல. நாமளும் டியூப்பைப் பார்த்தோமே தவிர, கண்ணைப் பார்க்கல. இப்போ ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துட்டாங்க. மாத்திரை பாட்டில் திறக்காம எங்ககிட்டயே இருக்கு.

உங்க வீட்டிலும் டியூப்ல சாப்பிடறவங்க இருந்தா, முதல்ல கண்ணைக் காட்டுங்க. டாக்டர், தாதி, நிபுணர் கேட்காம டியூப்ல எதையும் விடாதீங்க.

ஐயா மறுபடியும் அம்மன் அலங்காரத்தைக் கண்ணாரப் பார்க்கணும். எல்லாரும் வேண்டிக்குங்க.

ஓம் சக்தி! 🙏