வேகும் கம்பிகள்

நான் போன நேரம் அடுப்பில் கிட்டார் கம்பி வெந்துகொண்டிருந்தது. வடபழனியில், மாடிப்படியை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை. மூலையில் மின்னடுப்பு, அதன்மேல் எவர்சில்வர் பாத்திரம், கொதிநீரில் சுருண்டு கிடக்கும் நாலு தடித்த கம்பிகள். "டீ போடுற பாத்திரம்தான் சார். கழுவிட்டுத்தான் டீ வெப்பேன், பயப்படாதீங்க" என்றார் கிட்டார் பழுதுபார்ப்பவர். கம்பிக்குச் சொந்தக்காரத் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தான்.

பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி ஒரு செட் வாங்கினால் இரண்டாயிரம் மூவாயிரம் ஆகிவிடுகிறது. உள்ளே ஓர் எஃகுக் கம்பி. அதன்மேல் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் விரல் அழுக்கும் அடைந்துகொண்டால் கம்பியின் மணியோசை செத்துப்போகும். வேகவைத்துத் துடைத்துக் காயவைத்தால் உயிர் வரும், கொஞ்ச நாளைக்கு. "மூணு கல்யாணம் தாங்கும் சார்" என்றான் தம்பி. மெல்லிசைக் குழுக்காரர்களுக்குக் காலத்தை அளக்கக் கல்யாணம்தான் அலகு.

எனக்குப் பேஸ் கிட்டார் அறிமுகமானது மேடையில் அல்ல, பஸ்ஸில். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் தனியார் பஸ் ஒன்றில் கடைசி சீட்டுக்கு அடியில் பெரிய ஊஃபர் பெட்டி இருக்கும். அங்கே இடம் கிடைத்தால் பாட்டு காதுக்கு வருவதற்குள் முதுகெலும்புக்கு வந்துவிடும். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை வீட்டு ரேடியோவில் எத்தனையோ முறை கேட்டிருந்தேன்; எல்லாரையும் போல அதன் கிட்டாரில் சொக்கியிருந்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்த அன்றுதான் அதற்கடியில் இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்தது. மெட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு போகாமல், தன் போக்கில் ஏறி இறங்கி, சேரவேண்டிய இடத்தில் வந்து சேர்ந்துகொள்கிற பாட்டு. இதை வாசிக்கிறவர்கள் எதற்கு ஆசைப்படுகிறார்கள், எதற்காகச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தப் படியேறினேன்.

சண்டைக்குக் குறைவில்லை. "என்னடா, சாம்பாரா வைக்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர். தம்பிக்கு வாத்தியார். இருவரும் ஒரே குழு. பழைய பாட்டுக்கு அவர், புதுப் பாட்டுக்கு இவன். தம்பி எழுந்து ஸ்டூலைக் கொடுத்தான். அவர் கிட்டாரில் இருந்தவை தட்டைச் சுற்றுக் கம்பிகள். மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பியாக இல்லாமல் நாடா மாதிரி இருக்கும். விரலுக்கு வழவழவென்றிருக்கும், அழுக்கு ஒளிய இடுக்கு கிடையாது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றேன். "சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி போட்டது. பேத்தி இப்ப யூ.கே.ஜி."

கம்பி மாற்றாததற்கு அவரிடம் பெரிய சாட்சி உண்டு: ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்துக்கு அறுபதுகளில் வாசித்தவர். ஒரே சுட்டுவிரலால் மீட்டியதால் அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பெயர் வந்தது. அறுந்தால் ஒழியக் கம்பியை மாற்றமாட்டார். அழுக்கில்தான் நாதம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அத்தனை பாட்டுகளில் வாசித்தும் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் பல வருஷம் அச்சாகவே இல்லை. "நம்ம கதைதான் சார்" என்றார் பெரியவர். இளையராஜாவுக்கு பேஸ் வாசித்த சசிதரனை இன்றைய ரசிகர்கள் தேடிப் பேசுகிறார்கள். கேசட் காலத்தில் உறையைத் திருப்பிப் பார்த்தால் பாடகர்கள் பெயரோடு அச்சு முடிந்துவிடும்.

ராஜா தானே கிட்டார் வாசித்தவர், எல்லா வாத்தியத்துக்கும் நொட்டேஷனாக எழுதிக் கொடுக்கிறவர். அதைச் சொல்லும்போது பெரியவரின் இடக்கை விரல்கள் தொடைமேல் ஓடின. "பேஸுக்குத் தனியா ஒரு பேப்பர் சார். சும்மா ஸ்ருதியைப் பிடிச்சிட்டு நிக்க முடியாது. நீயும் பாடணும்."

இடக்கை விரல்கள் என்றேனே, அவர் இடக்கைக்காரர். எழுபதுகளின் கடைசியில் வலக்கைக் கிட்டார் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டிப் பழகியிருக்கிறார். அதனால், இடக்கையால் பேஸ் வாசிக்கும் பால் மெக்கார்ட்னி அவருக்குப் பங்காளி முறை. 1961இல் ஹாம்பர்க்கில் முப்பது பவுண்டுக்கு மெக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர், வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அச்சு. திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. 1972இல் திருடுபோன அந்தக் கிட்டார் உரியவர் கைக்குத் திரும்பிய செய்தி 2024இல் வந்ததும், பெரியவர் அதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். காதுகுத்து அழைப்பிதழ் என்று நினைத்து நாலு பேர் கும்பிடு போட்டார்களாம்.

தம்பியின் சாமிகள் வேறு. ரஹ்மான் பாடல்களில் கேட்கும் கீத் பீட்டர்ஸ், 'கோ' படத்தில் 'என்னமோ ஏதோ' பாடியதால் பாடகராகவே பலருக்குத் தெரிந்த ஆலாப் ராஜு, மும்பையின் மோகினி தே. மோகினியின் வீடியோ ஒன்றைப் பெரியவரிடம் நீட்டினான். முழுதும் பார்த்தார். "அந்தப் பொண்ணு வாசிக்கிறது கணக்கு. மிருதங்கக்காரன் பார்க்கணும்" என்றார். மறுப்பா பாராட்டா என்று தெரியாத குரல்.

பழுதுபார்ப்பவருக்கு வித்துவான்களைப் பற்றி அபிப்பிராயம் இல்லை. மரத்தைப் பற்றித்தான் உண்டு. பேஸ் கிட்டாரில் கம்பியின் ஒலிக்கும் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். அந்தக் கம்பிகளின் இழுவையைத் தாங்கும் கழுத்து, சென்னை ஈரக்காற்றில் உப்பி வில்லாக வளையும். உள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. அதைத் திருகி நிமிர்த்துவார். "கால் சுத்துதான் சார். முழுசா ஒரு சுத்து சுத்தினவங்க எல்லாம் அப்புறம் என்கிட்டதான் வர்றாங்க." இன்னொரு கூட்டமும் வருகிறது: ஜாக்கோ பாஸ்டோரியஸ் பக்தர்கள். 1951இல் லியோ ஃபெண்டர் மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கழுத்தில் உலோகக் கட்டைகள் வைத்து, இடம் பிசகாமல் ஸ்வரம் விழும் என்பதற்காகவே 'பிரிசிஷன்' என்று பெயரிட்டார். ஜாக்கோ தன் ஃபெண்டரிலிருந்து அந்தக் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகைமேல் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசிக்கொண்டதாகச் சொல்வார்கள். விரல் வழுக்க வழுக்க ஸ்வரம் குழைந்தது. 1987இல் 35 வயதில் செத்தும் போனார். அவரைப் பார்த்துவிட்டு இங்கே பையன்கள் கட்டிங் பிளையரால் பிடுங்கிக்கொண்டு வருகிறார்கள். "பலகை பாதி பேந்து வரும். கமகம் வரணும்னு ஆசை, ஆனா ஸ்ருதி வரணுமே?"

இனி டப்பாக்கள், அதாவது காலால் மிதித்து கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்கள். தம்பி செருப்பு ஸ்டாண்டின் ஒரு தட்டைக் கழற்றி, வெல்க்ரோ ஒட்டி, அதன்மேல் மூன்று பெடல்களை உட்கார வைத்திருக்கிறான். முதலாவது கம்ப்ரஸர்: ஓங்கி அடித்ததைத் தட்டி உட்காரவைக்கும், மெல்ல அடித்ததைத் தூக்கிவிடும். கேட்கிறவனுக்கு அது இருப்பதே தெரியாது. அதுதான் அதன் வேலை. இரண்டாவது, பாஸ் நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஓசி-2 வகை ஆக்டேவ் பெடல். வாசித்த ஸ்வரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே ஒன்று, இரண்டு ஸ்தாயி கீழே இன்னொன்று என்று சேர்க்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரம் வாசித்தால் எதைப் பிடிப்பதென்று தெரியாமல் குழறும். மூன்றாவதுதான் வம்பு: டிரைவ். ஒலியைக் கிழித்துக் கரகரப்பாக்குவது. கிழிக்கும்போது அடி கரைந்துவிடும் என்பதால் பேஸுக்கான டிரைவ் பெடலில் பெரும்பாலும் சுத்த ஒலியையும் கலந்துகொள்ள ஒரு குமிழ் வைத்திருப்பார்கள்.

"விரல்ல இல்லாதது டப்பாவுல எப்படிடா வரும்?" என்றார் பெரியவர். நான் வந்தபோது அவர் கட்சிதான். தம்பி சொன்னதைக் கேட்டபின் கொஞ்சம் ஆடிப்போனேன்.

"சார், மண்டபத்துல கேக்குறவங்க முந்நூறு பேர். அப்புறம் ஃபோன்ல கேக்குறவங்கதான் ஜாஸ்தி. ஃபோன்ல உங்க பேஸ் வராது."

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பிக் கிட்டாரானால் கடைசிக் கம்பி 31 முறை. செல்பேசியின் நகக்கண் அளவு ஒலிபெருக்கிக்குச் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே போகத் தெம்பில்லை. ஆனால் காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடி ஸ்வரம் வராமல் போனாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேலே அடுக்கும் கிளையொலிகள் வந்தால், அந்த இடைவெளியை வைத்து இல்லாத அடியை மூளையே போட்டுக்கொள்ளும். டிரைவ் பெடல் கிளையொலிகளைத்தான் பெருக்குகிறது. பழைய தட்டைக் கம்பியோ அவற்றைக் குறைக்கிறது. அதாவது பெரியவர் பேத்தி வயசுக் கம்பியில் காப்பாற்றிவைத்திருக்கும் அந்த உருண்டையான நாதம், செல்பேசிக்குள் நுழையவே முடியாத நாதம்.

அன்று மாலை பூந்தமல்லிப் பக்கம் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. நானும் வேனில் ஏறிக்கொண்டேன். சம்பளம் பற்றிய பேச்சு பூந்தமல்லி வரை ஓடியது. பல குழுக்களில் பேஸ்காரரே கிடையாது. கீபோர்டுக்காரரின் இடக்கை அந்த வேலையைப் பார்த்துவிடும், ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இந்தக் குழுவின் தலைவர் அந்தக் காலத்து மனிதர், விடமாட்டேன் என்கிறார்.

மேடையில் முதல் வேலை எர்த் பார்ப்பது. பிளக்கில் எர்த் இல்லாத மண்டபத்தில் கம்பியில் கை வைத்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுக்கும். தம்பி டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினான். ஆம்ப் எதுவும் இல்லை, கிட்டாரை டி.ஐ. என்ற இணைப்புப் பெட்டி வழியாக நேராக மிக்ஸருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆயிரம் நுணுக்கம் பேசிவிட்டுக் கடைசியில் சவுண்டுக்காரர் கையிலிருக்கும் ஒரு தள்ளுக்குமிழை நம்பி நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவர்களுக்கு இல்லை. தம்பி சவுண்டுக்காரருக்கு முதலில் காபி வாங்கிக் கொடுத்தான்.

அவன் கிட்டாருக்குள் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. வயரைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காதபோதும் தீர்ந்துகொண்டே போகும். ஒருமுறை நடுப்பாட்டில் செத்துப்போயிருக்கிறது. "யாருமே கவனிக்கல சார். டிரம்ஸ் அண்ணன் மட்டும் திரும்பிப் பார்த்தாரு. மத்தவங்க ஐஸ்கிரீம் வாங்க நின்னாங்க." பெரியவர் கிட்டாரில் பேட்டரி கிடையாது. அந்தக் கதை வரும்போதெல்லாம் அவர் தன் கிட்டாரைத் தட்டிக்கொடுப்பாராம், அன்றும் தட்டிக்கொடுத்தார்.

'இளைய நிலா' எட்டரை மணிக்கு வந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி வாசித்தார். மேடையடியில் அடுக்கியிருந்த பெட்டிகளிலிருந்து அது தரைவழியாக என் செருப்புக்கு வந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி வெற்றிலை மெல்வது அந்தத் தாளத்துக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்தது. பிறகு தம்பி எழுந்து புதுப் பாட்டுகளுக்கு வந்தான். காலால் பெடலை மிதித்ததும் மண்டபம் உறுமியது. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்தார்கள்.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் செல்பேசியில் எடுத்ததைக் காட்டினார். பெரியவர் இடக்கையால் வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டார். 'இளைய நிலா'வில் பாடகர் இருந்தார், கிட்டார் இருந்தது, தபலா இருந்தது. அவர் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ தூரத்தில் கதவைச் சாத்துவது போல லேசாக ஏதோ கேட்டது. அடுத்த துண்டில் தம்பியின் பேஸ் ஒவ்வொரு ஸ்வரமாகக் கரகரத்து வந்தது. இரண்டையும் மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டார். செல்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது; சோற்றால் அணை கட்டினார்.

"அந்த மூணாவது டப்பா" என்றார் தம்பியைப் பார்க்காமல், "பேட்டரியா, அடாப்டரா?"