யாரைப் பார்த்துச் சிரிப்பது?

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். குமாஸ்தா வேலை திருச்சிக்குக் கொண்டுவந்தது. ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கமே ஊராகிவிட்டது. படித்த பிரெஞ்சில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது கேலிச் சித்திர ஆசை ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் விளையாட்டு வீரர்களையும் விட்டுவைப்பதில்லை. 1998ல் டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஃபெஸ்டினா அணியின் காரை பெல்ஜிய எல்லையில் சுங்கத்துறை மடக்கியது. உள்ளே நூற்றுக்கணக்கில் ஊக்கமருந்துக் குப்பிகள். ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும் இ.பி.ஓ.வும் அதில் இருந்தது. அணியின் நட்சத்திரம் ரிஷார் விராங்க், தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று சாதித்தார். தொலைக்காட்சியில் கிஞோல் என்ற பொம்மை நிகழ்ச்சி அவரைப் போலவே ஒரு பொம்மை செய்து, "என் முழு விருப்பத்தோடு, ஆனால் எனக்கே தெரியாமல்" என்ற பொருளில் பேசவைத்தது. அந்த வாசகம் பிரான்ஸில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 2000ல் லீல் நீதிமன்றத்தில் விராங்க் உண்மையை ஒப்புக்கொண்டார்.

இதைச் சொல்லி நான் பலமுறை நண்பர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். 2022ல் மட்டும் சிரிப்பு வரவில்லை. நம் திருச்சி குண்டூர்ப் பெண் தனலட்சுமி சேகர், 2021ல் பாட்டியாலாவில் 100 மீட்டரில் டூட்டி சந்தை முந்தியவர். அங்கேயே 200 மீட்டரில் பி.டி. உஷாவின் போட்டிச் சாதனையையும் முறியடித்தவர். மறுவருடம் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார். காமன்வெல்த் போட்டி போயிற்று. மூன்றாண்டுத் தடையும் வந்தது.

அம்மா மண்டபப் படித்துறையில் ஒருவர், "ஊசி போட்டா நானும் ஓடுவேன் சார்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

உடம்பில் மருந்து இருந்தால் யார் கொடுத்திருந்தாலும் பொறுப்பு ஓடியவருக்கே. அதுதான் விதி, அதில் தவறில்லை. ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2022 கணக்கில் இந்தியாவில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125 தேறவில்லை. இத்தனை பேரும் தனித்தனியாக மருந்தைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்களா? விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பங்கள் என் மேஜைக்கும் வந்ததுண்டு. ஒரு சான்றிதழ் ஒரு வீட்டுக்கே சோறு போடும். அந்தப் பசி தெரிந்து விற்பவர்கள் யார்?

கார்ட்டூனிஸ்ட் மதன் பிறந்த ஊர் இது. அவர் வரைந்த ஆனந்த விகடனில், 1987ல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் சிறை சென்றார். அதிகாரத்தில் இருப்பவர்களைக் கிண்டல் செய்ததற்குக் கிடைத்த பரிசு அது. கேலிக்கு மரியாதை வருவது அப்படித்தான். விராங்கிடம் பேரும் பணமும் இருந்தன. அவரைக் கிண்டலடித்தது சரி. கீழே விழுந்த கிராமத்துப் பெண்ணைக் கிண்டலடிக்க என்ன துணிச்சல் வேண்டும்?

இளைய கார்ட்டூனிஸ்ட் யாராவது படித்தால் ஒரு வேண்டுகோள்: ஓடியவரை ஏற்கனவே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஊசியை நீட்டிய கையை வரையுங்கள். கூடவே அந்தக் கைக்குரிய முகத்தையும்.