தங்கவயலில் ஒரு வீடு

நம் கொள்ளுப்பாட்டனாரும் அவருடைய தமையனாரும் வட ஆர்க்காட்டுச் சீமையில் ஒரே குடிசையில் பிறந்தவர்கள். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் இருவரும் ஜோலார்ப்பேட்டை ரயில் நிலையம் வரையில் ஒன்றாக நடந்தார்களாம். மூத்தவர் மேற்கே செல்லும் வண்டியில் ஏறிக் கோலார் தங்கவயலுக்குப் போனார். இளையவர் கிழக்கே செல்லும் வண்டியில் ஏறிச் சென்னையில் கப்பல் பிடித்து மலாய் நாட்டுப் பால்மரக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. "பொன் வெட்டப் போனவர் ஒருவர், பால்மரம் வெட்டப் போனவர் ஒருவர், சொந்தமாக ஒரு வீடு கட்டினவர் இருவரில் ஒருவருமில்லை" என்று நம் பாட்டியார் சொல்லுவதுண்டு. சிறு வயதில் அதை நாம் வேடிக்கைப் பேச்சாகவே கேட்டோம்.

நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவராகையால் தங்கவயலின் சரித்திரத்தையும் முதலில் ஆங்கிலப் புத்தகங்களிலேயே கண்டோம். அவற்றில் வரும் பேர்களெல்லாம் துரைமார்களின் பேர்களே. 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், மைசூர் எல்லைகளை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802இல் இப்பகுதியில் பொன் கிடைப்பதாகக் கேள்விப்பட்டார். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைக் கழுவிக் கிராமத்தார் பொன் துகளை எடுத்துக் காட்டினார்கள் என்பது வரலாறு. மாரிக்குப்பத்தருகே ஏழை மக்கள் சிறு குழிகளில் இறங்கிக் கல்லை வெட்டி வந்ததையும், அவர்கள் வீட்டுப் பெண்கள் அதை இடித்துக் கழுவியதையும் அவரே எழுதி வைத்தார். ஆகவே அங்கே பொன்னை முதலில் கண்டவர் துரை அல்லர். பொன்னைக் கண்டவர்களைத் துரை கண்டார், அவ்வளவே. 1875இல் மைக்கேல் லவேல் என்ற ஐரிஷ் சிப்பாய் மைசூர் அரசாங்கத்தாரிடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்த மக்கள், அதிலும் தீண்டாமையால் ஒடுக்கப்பட்ட மக்கள், ஆயிரமாயிரமாக அந்த இருட்டுக்குள் இறங்கினார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் அவ்வூருக்குப் போனோம். வங்காரப்பேட்டைச் சந்திப்பிலிருந்து பிரியும் ரயில் பாதை மாரிக்குப்பத்தோடு முடிந்துவிடுகிறது. நாம் இறங்கியபோது கிட்டத்தட்ட வெறும் வண்டியாயிருந்த அதே வண்டி, விடியற்காலையில் பெங்களூருக்குக் கூலிவேலைக்கும் கடைவேலைக்கும் காவல்வேலைக்கும் போகிறவர்களை நிற்கவும் இடமின்றி ஏற்றிச் செல்கிறது. பூமிக்கடியிலே வேலை பார்த்தவர்களின் மக்கள் இப்போது நாளுக்கு நாலைந்து மணி நேரம் ரயிலிலே வாழ்கிறார்கள்.

நிலையத்தில் நமக்காகக் காத்திருந்தவர் மூத்த பாட்டனாரின் பேரர். உறவு முறையில் நமக்குப் பெரியப்பா. எழுபது வயதைக் கடந்தவர். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் முப்பது ஆண்டு வேலை செய்தவர். நம் முகத்தைப் பார்த்ததும், "தாத்தாவின் மூக்கு அப்படியே இருக்கிறது, தம்பி" என்றார். பிறகு நம் கைப்பையை நாம் தடுத்தும் கேளாமல் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். நூறு அடிக்கு ஒரு தரம் நின்றார். ஊரைக் காட்டுவதற்காக நிற்கிறார் என்று நினைத்தோம். மூச்சு வாங்குவதற்காக நின்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. கல் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் என்னும் நோய் அவ்வூரில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

வழி நெடுகச் சாம்பல் நிறக் குன்றுகள் நின்றன. அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண். அத்தகைய குவியல்கள் பதின்மூன்று. மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றுப் பானை வரையில் வருகிறது. அந்த மண்ணிலும் மிச்சமாகச் சிறிது பொன் உண்டென்று அதை மறுபடி சலிக்க 2024இல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்திருக்கிறது. "மண்ணுக்கு மறுபடியும் விலை வந்திருக்கிறது, தம்பி" என்றார் பெரியப்பா. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் வீடு பழைய லயத்தில் ஒன்று. ஓர் அறையும், அடுப்பு வைக்க ஓர் ஒட்டும். உள்ளே நுழைந்ததும் நம் தோட்டத்து லயத்துக்குள் நுழைந்ததாகவே எண்ணினோம். அங்கேயும் மேட்டிலே துரைமார் பங்களாக்கள், கிளப்பு, பந்தடி மைதானம், பள்ளத்திலே லயங்கள். அங்கேயும் வாசலில் நின்று உடம்பைச் சோதிக்கப் பஞ்சாபிக் காவலர்கள். நம் நாட்டிலே ஜாகா என்போமே, அவர்கள்தாம். காவேரியில் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் கம்பி இழுத்து 1902இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு விளக்கு வந்ததே 1905இல்தான். ஆயினும் அந்த மின்சாரம் தேடி வந்தது எந்திரத்தை, மனிதனையன்று.

இரவு சாப்பாட்டுக்குப் பின் பெரியப்பா சுரங்கத்தைப் பற்றிச் சொன்னார். சாம்பியன் ரீப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது விளங்கியது. அடித்தட்டில் பாறையின் வெப்பம் அறுபது பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே அனுப்பினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும். "பாறையிலே கை வைத்தால் சோறு கொதிக்கிற பானையைத் தொட்ட மாதிரி இருக்கும்" என்றார். மேலேயுள்ள மலையின் பாரத்தால் பாறை சில சமயம் தானாகவே வெடித்துச் சிதறும். அப்போது மேலே ஊரே குலுங்கும். குலுங்கியதும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். இன்று இறங்கியவர் எவரெவர் என்று ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள். கேட்க வாய் வராது. பெரியம்மா அவ்வாறு மூன்று முறை ஓடினாராம். மூன்று முறையும் பெரியப்பா மேலே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முறை வரவில்லை.

அதே சுரங்கத்தில்தான் 1965இல் இந்திய, ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து, வானத்திலிருந்து வந்து பூமியையே துளைத்துச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். அதை உலகம் பாராட்டியது, பாராட்டத் தக்கதே. அந்தக் கருவிகளை வைக்க இடம் குடைந்த கைகளையும் ஒரு வரியில் நினைத்துக் கொள்வோமாக.

இப்படிச் சொன்னால் அம்மக்கள் அடிபட்டு அழுதுகொண்டே இருந்தவர்கள் என்று நேயர்கள் எண்ணலாம். அது தவறு. அயோத்திதாச பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சாதியை ஒழிக்கப் புத்தர் நெறியைக் காட்டிய அவருடைய இயக்கம் மாரிக்குப்பத்துத் தொழிலாளரிடையே வேரூன்றிச் சங்கமாக வளர்ந்தது. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னர் நின்றுபோயிருந்த 'தமிழன்' பத்திரிகையை 1926இல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தினார். பண்டிதரின் எழுத்துகள் நூலாக வந்ததும் தங்கவயலாரின் சித்தார்த்தா புத்தகசாலை வழியாகத்தான். பகலெல்லாம் பாறையைக் குடைந்தவர்கள், கூலியில் மிச்சம் பிடித்துப் பத்திரிகை வாங்கி, எழுத்தறியாதாருக்கும் படித்துக் காட்டினார்கள். திருவிழாச் செலவுக்கும் கள்ளுக்கடைக்கும் கைகொடுத்த அளவு நம் தோட்டங்கள் படிப்பகங்களுக்குக் கைகொடுத்தனவா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1930இல் சுரங்க நிர்வாகத்தார் தொழிலாளர் அனைவரும் விரல்ரேகை பதிந்து தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்றனர். ரேகை வைப்பது குற்றவாளிக்கு உரியது, உழைப்பாளிக்கு உரியதன்று என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். முறையான தொழிற்சங்கம் ஒன்றும் அமையாத காலத்திலே அவ்வேலைநிறுத்தம் மூன்று வாரம் நடந்தது. நம் மூத்த பாட்டனார் அதில் இருந்தார்.

அதற்குப் பின் ஆண்டவர்கள் மாறினார்கள். 1956இல் மைசூர் அரசாங்கமும், 1962இல் இந்திய மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்னும் அரசுக் கம்பெனி ஏற்பட்டது. ஆனால் பொன் குறைந்துகொண்டே வந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்தது, கடைசியில் மூன்று கிராம் அளவுக்கு வந்துவிட்டது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடிற்று. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். "அன்று முதல் சங்கு ஊதவில்லை. ஆனாலும் ஒரு வருஷம் வரையில் முதல் வேளைச் சங்கு நேரத்துக்கே தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவேன்" என்றார் பெரியப்பா.

மறுநாள் புறப்படும் முன் அவர் கட்டிலின் கீழிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே சம்பளச் சீட்டுகள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள், வீடு ஒதுக்கிய காகிதம், தம் தகப்பனாரின் ரேகை பதிந்த ஒரு பழைய தாள். எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். சுரங்கம் மூடிய பின், இவ்வீட்டில் நீ யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டினாராம். "ரேகை வைக்க மாட்டேன் என்று தாத்தா தெருவில் நின்றார். ரேகை வைத்த காகிதத்தை நான் பெட்டியில் வைத்துக் காக்கிறேன். இரண்டும் ஒரே வழக்குத்தான், தம்பி" என்றார்.

நாம் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவதும் பேர் பதிவதும் நம் பிழைப்பு. ஊர் திரும்பிய சில மாதத்தில் நம் தோட்டமும் வீடமைப்புக்காக விற்கப்படப் போவதாகச் செய்தி வந்தது. லயங்களில் குடியிருப்போரின் பட்டியலை எழுதித் தரும்படி நமக்கு உத்தரவு வந்தது. பேர், வேலை நீங்கிய தேதி, வீட்டு எண் என்று மூன்றே கட்டம். அந்த மூன்று கட்டத்தில் எழுதினால், ஐம்பது ஆண்டு பால்மரமும் செம்பனையும் வெட்டியவரும் வேலை நீங்கியும் வீட்டைக் காலி செய்யாத ஒருவராகவே தெரிவார். முன்னொரு முறை இத்தகைய பட்டியலை நாமே அவ்வாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதனால் எட்டுக் குடும்பங்கள் போயின. அப்போது நமக்கு அது வெறும் கணக்காகவே தெரிந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

இம்முறை நான்காவதாக ஒரு கட்டம் போட்டோம்: இத்தோட்டத்தில் எத்தனை தலைமுறை, எந்த ஆண்டு முதல். வீடு வீடாகச் சென்று பழைய செக்ரோல்களோடு ஒத்துப் பார்த்து நிரப்பினோம். முப்பத்தாறு வீடுகளில் இருபத்திரண்டு வீட்டார் நான்காவது தலைமுறை. மேலாளர், "இதை யார் கேட்டார்?" என்றார். "கணக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்று எழுதினோம்" என்றோம். அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை. நமக்கு என்ன வரும் என்பதும் தெரியவில்லை. ஆயினும் அதன் நகல் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். தீபாவளிக்கு வீடு துடைக்கையில் பழங்காகிதம் என்று எரித்து விடாதீர்கள். தாத்தாவின் சம்பளச் சீட்டையும், பாட்டியின் அடையாளச் சீட்டையும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் கட்டி வையுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கிராணி வீட்டுக் கதவையும் தட்டுங்கள். திறக்க வேண்டியது எங்கள் கடமை.

பெரியப்பாவிடமிருந்து சென்ற வாரம் தொலைபேசியில் அழைப்பு வந்தது. நம் பட்டியலைப் பற்றிக் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "நகல் எடுத்தாயல்லவா?" என்றார்.