தண்ணீர் விடாத புட்டிங்

மார்ச் 4

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மூக்குக் குழாயை எடுத்தாயிற்று. வலது கை இன்னும் எழவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. இதெல்லாம் வருகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தொண்டை. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிட்டன. மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் தண்ணீர் ஓடி நுரையீரலில் இறங்கிவிடும் என்கிறார்கள். இருமினால் தெரிந்துகொள்ளலாம். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடுமாம். அதனால் தண்ணீர், காபி, ரசம் எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். மதியம் அந்தக் கெட்டித் தண்ணீரை ஒரு வாய் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியவில்லை.

மார்ச் 5

அரைத்த பருப்புச் சாதம். துப்பிவிட்டார்.

மார்ச் 8

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். விழுங்குவதையும் அவள்தான் பார்க்கிறாள். சாப்பாட்டின் பதத்தை உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்களாம். வெறும் தண்ணீர் 0, நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு 7. அப்பாவுக்கு 4. ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது. மொத்தமாக ஒரே கட்டியாக விழ வேண்டும். ஸ்பூனில் ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

“புட்டிங் மாதிரி, அக்கா” என்றாள்.

ஐஸ்கிரீம்? கூடாது, வாயில் உருகித் தண்ணீராகிவிடும். கடையில் விற்கும் ஜெல்லி? ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், கூடாது. முட்டை புட்டிங்? கொஞ்சம் யோசித்தாள். “செய்யுங்க, பார்க்கிறேன். ஆனா தண்ணி பிரியக் கூடாது.”

அவள் போன பிறகு வெகுநேரம் அடுக்களையில் நின்றேன். முதல் தடவையாக ஏதோ செய்வதற்கு இருக்கிறது.

மார்ச் 9

நமக்குத் தெரிந்த கேரமல் புட்டிங்கில் தட்டில் கவிழ்த்ததும் பாகு வழிந்து ஓடும். அதில் அழகே அதுதான். அப்பாவுக்கு அதுதான் ஆகாது. அதனால் பாகைக் கிண்ணத்தின் அடியில் ஊற்றாமல் பாலிலேயே கரைத்துவிட்டேன். சர்க்கரையைச் சிவக்க உருக்கி, சூடான பாலை மெல்ல ஊற்ற வேண்டும். பொங்கிச் சீறும், கொஞ்சம் கட்டிப்படும், பிறகு கரைந்து தேன் நிறத்துக்கு வரும். 250 மில்லி பாலுக்கு 2 முட்டை. நுரை வராமல் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, மூடியிலிருந்து நீர் சொட்டாதபடி துணி கட்டி, இட்லிப் பானையில் சிறு தீயில் வைத்தேன்.

தீதான் எல்லாம். பாலும் முட்டையும் சேர்ந்த கலவை 80 டிகிரியைத் தாண்டியதும் இறுக ஆரம்பித்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் முட்டையின் புரதம் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரையெல்லாம் வெளியே தள்ளிவிடும்; ஓட்டை ஓட்டையாகும். விருந்தாளிக்கு வைத்தால் அது பார்க்க நன்றாக இல்லாத புட்டிங், அவ்வளவுதான். இந்த வீட்டில் இப்போது அந்த ஓட்டைகளில் நிற்கும் நீர் அப்பாவின் நுரையீரலுக்குப் போகிற நீர்.

மார்ச் 12

சாப்பிட்டார்! சிறிய ஸ்பூனில், நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தடவை விழுங்கி, கிண்ணம் முழுவதும். இருமவில்லை. நல்லவேளை சர்க்கரை நோய் இல்லை, ரத்தக்கொதிப்பு மட்டும்தான். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ கொடும்மா” என்றால், “நான் கொடுத்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?” என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 13

இரவு முழுக்க இருமல். காய்ச்சல் இல்லை. விடியும் வரை தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18

எதிர்வீட்டு அக்கா கீழக்கரைக்காரர். நோன்பு மாதம். மாலையானால் அவர் வீட்டில் அகரில் செய்யும் கடல்பாசி இல்லாமல் இருக்காது: பாலில் ஒன்று, இளநீரில் ஒன்று, ரோஜா நிறத்தில் ஒன்று. அப்பாவுக்காக ஒரு தட்டு கொண்டுவந்தார். மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியில்தான் தரமான அகர் கிடைக்கும் என்றும், பாறை கிழித்த கைகளைத் தான் பார்த்திருப்பதாகவும் சொன்னார். அகர் ஜெலட்டின் போல வாயில் இளகாது. மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். ஆகுமோ என்று எனக்கு ஆசை. பயிற்சிப் பெண்ணிடம் போனில் கேட்டேன். அகர் கடித்தால் உதிரும், துணுக்கு துணுக்காகத் தொண்டையில் நிற்கும், வேண்டாம் என்றாள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப வட்டலாப்பம் செய்யலாம்” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தேங்காய்ப்பால் முதல் பால் மட்டும், கருப்பட்டிப் பாகு, முட்டை, ஏலக்காய். முந்திரி கிடையாது. தீயைக் கூட்டி வைக்கவே அவர் விடவில்லை. “இன்னும் குறை, இன்னும் குறை” என்றார். இறுகியதைத் தட்டில் வைத்து அரைமணி நேரம் பார்த்தோம். ஓரத்தில் ஒரு சொட்டுப் பாகு கசிந்தது. அதைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

மார்ச் 23

ஒரு வாய்கூட வேண்டாம் என்கிறார். வெனிலா கஸ்டர்ட், மாம்பழம் அரைத்துச் சேர்த்தது, ஏலக்காய் போட்டது எதற்கும் வாய் திறக்கவில்லை. கஸ்டர்ட் பவுடரில் வேறொரு சிக்கலும் உண்டு. அது சோள மாவு. எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவை உடைத்து நீர்க்க வைத்துவிடும். கெட்டியாக ஆரம்பித்தது பாதியில் ஓட ஆரம்பிக்கிறது. தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

தம்பி போனில், “எல்லாம் ரெடிமேடா கிடைக்குதே, வாங்கிக்கோயேன்” என்றான். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அவருக்கு இனிப்பு சலித்துவிட்டதா, ஊட்டப்படுவது சலித்துவிட்டதா?

மார்ச் 29

பால்காரர் வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது. சீம்பால் கொண்டுவந்தார், முதல் நாள் கறந்தது, மஞ்சளாக, பிசுபிசுவென்று. சாதாரணப் பசும்பாலில் புரதம் நூற்றுக்கு 3 பங்குதான் இருக்கும். முதல் கறவையில் 14 பங்கு வரைகூட இருக்கும். அதனால் முட்டை இல்லாமலே ஆவியில் இறுகிவிடும். லால்குடிப் பக்கம் அப்பா வளர்ந்த வீட்டில் மாடுகள் இருந்தன.

பாத்திரத்தை அவர் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்தார். பிறகு, வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து: “கன்னுக்குட்டி... குடிச்சுதா?”

வந்த நாளிலிருந்து அவர் பேசியதில் இதுதான் நீளமான பேச்சு. வாசலில் நின்ற பால்காரர், “அது வயிறு முட்டக் குடிச்சிடுச்சுங்கய்யா” என்று சத்தமாகச் சொன்னார்.

அதன் பிறகு எவ்வளவு பால் விட வேண்டும் என்று அப்பாவே இடது கை விரலால் காட்டினார். வெறும் சீம்பால் ரப்பராக இறுகும். பாதிக்குப் பாதி சாதாரணப் பால். வெல்லம் கரைத்து வடிகட்டி, ஏலக்காய். ஸ்பூனை இடது கையில் கொடுத்தேன். பாதி சட்டையில். மீதியை விழுங்கினார். அம்மா துண்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 1

சீம்பால் தீர்ந்தது. மூன்றாம் நாள் பால் இறுகவில்லை, ஒரு முட்டை சேர்த்தேன்.

ஏப்ரல் 5

விழுங்கும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போக வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் அம்மாவுக்கு எழுதி ஒட்டியிருப்பது:

அம்மா, நிமிர்த்தி உட்கார வைத்த பிறகுதான் கிண்ணத்தை எடு. ஓரத்தில் தண்ணீர் நின்றால் ஒற்றி எடு, நிறைய நின்றால் கொடுக்காதே. ஸ்பூனை அவர் கையிலேயே கொடு. இருமினால் நிறுத்திவிடு. சாப்பிட்டதும் வாயைத் துடைத்துவிடு, அரைமணி நேரம் படுக்க விடாதே. பயமாக இருந்தால் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.