றேஸ் காரின் பாஸ்போர்ட்

நான் வேலை செய்யும் கராச்சில் ஒரு பழைய றேஸ் காரைத் திருத்தி விற்றார்கள். திருத்தியவர்களில் நானும் ஒருவன். கார் என்றதும் நாலு கதவும் கண்ணாடியும் என்று நினைத்துவிடாதீர்கள். கூரை இல்லை, மட்காட் இல்லை. நாலு சில்லும் உடம்புக்கு வெளியே தனித்து நிற்கும். இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த ஒரு கூடு, அதன்மேல் மெல்லிய பைபர் தோல். ஓட்டுபவர் கிட்டத்தட்டப் படுத்திருப்பார். அவருடைய முதுகுக்குப் பின்னால் எஞ்சின். போர்முலா போர்ட் என்பது இந்த வகையின் பெயர்.

காசு அதிகம் இல்லாத பொடியளும் றேஸ் ஓடப் பழகவேண்டும் என்று தொடங்கப்பட்டது இது. முதற்போட்டி 1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி பிறாண்ட்ஸ் ஹட்சில் நடந்தது. காரின் விலை 1000 பவுணுக்கு மேற்போகாமல் பார்த்துக்கொண்டார்கள். எஞ்சின், தெருவில் ஓடிய போர்ட் கோர்ட்டினாவின் எஞ்சின்தான். பிரேசிலிலிருந்து 1969இல் இங்கிலாந்துக்கு வந்த எமர்சன் பிற்றிபால்டி 'மேர்லின்' என்ற போர்முலா போர்ட் காரை ஓட்டினார். 1972இல் அவர் உலக சம்பியன். அதே காரைப் பின்னர் தென்னாபிரிக்காவின் ஜோடி ஷெக்ரர் ஓட்டினார். அவரும் 1979இல் உலக சம்பியன்!

எங்களிடம் வந்ததும் 1970இல் செய்த ஒரு மேர்லின். ஆனால் பேர் சொல்லும்படி ஒருவரும் அதில் இருந்ததில்லை. ஒரு பண்ணைக் கொட்டிலில் வைக்கோலுக்குள் கிடந்தது. அடிப்பக்கக் குழாய்களைச் சுத்தியலால் தட்டினால் உள்ளே கறள் கொட்டுகிற சத்தம் கேட்கும்.

பழங்கார் எனக்குப் புதிதல்ல. 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40ஐயும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த கை இது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகையைப் பற்றிக் கேட்கவேண்டாம். மூன்று காரைக் கழற்றி ஒரு காரை ஓட்டுவோம். எது எந்தக் காரின் சாமான் என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி.

இங்கே கேள்வி வேறு. ஓடுமா என்று கேட்பதற்கு முன்னரே, இது அந்தக் கார்தானா என்று கேட்கிறார்கள். எஞ்சின், கியர்ப்பெட்டி, தோல் எல்லாம் மாறியிருக்கலாம். ஆனால் சசி என்கிற அந்தக் கூடும் அதிலுள்ள இலக்கமும் பழையதாக இருக்கவேண்டும். சர்வதேசப் பழங்கார்ப் போட்டிகளுக்குப் போவதானால் காருக்கு ஒரு பாஸ்போர்ட் வேறு வேண்டும். பகிடியில்லை. சர்வதேச மோட்டார் சம்மேளனம் கொடுக்கும் 'வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்' என்பதே அதன் பெயர். படமும் விபரமும் அதில் இருக்கும். ஆனால் கார் அந்தக் காலத்து அமைப்பில் இருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. அசலான அதே கார் என்பதற்கு அல்ல. அதை நிரூபிப்பது சொந்தக்காரரின் பாடு. பழைய பற்றுச்சீட்டு, மங்கிய படம், முந்திய சொந்தக்காரரின் கடிதம் என்று தேடித்தேடிச் சேர்க்கவேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் விசாரணை அறையில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கூட்டில் பதினொரு குழாய்களை வெட்டியெடுத்துப் புதிது ஒட்டினேன். பழையதைக் குப்பைக்குள் எறியச் சொன்னார் முதலாளி. நான் எறியவில்லை. வெட்ட முன்னும் பின்னும் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த இடத்துக் குழாய் என்று துண்டு எழுதிக் கட்டி, ஒரு மரப்பெட்டியில் வைத்தேன். ஒரு பொருள் இல்லாமற் போனபின், அது இருந்தது என்று மற்றவரை நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்.

விளம்பரத்தில் முதலாளி 'அசல் சசி' என்று போட்டுவிட்டார். வாங்க வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். எஞ்சினை ஸ்ராட் பண்ணிக் காட்டினோம். அரைக் காதால் கேட்டார். பிறகு முழங்காலில் இருந்து டோர்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். இவ்வளவும் பழைய குழாயா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். சம்பளம் தருபவர் அவர். எனக்கு வீட்டுக் கடன் இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

நான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து வந்தவரின் காலடியில் வைத்தேன்.

ஒவ்வொரு குழாயாக எடுத்து, துண்டை வாசித்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலம் போயிருக்கும். முதலாளி தேத்தண்ணி போடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டார். கடைசியில் வந்தவர் 2000 பவுண் குறைத்துக் கேட்டார். பெட்டியும் தன்னோடு வரவேண்டும் என்றார். விற்பனைக் கடிதத்தில் பதினொரு குழாய்கள் புதியவை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். முதலாளி இரண்டு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த பழங்கார் வந்தபோது ஒரு வெறும் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனார்.

அந்த மேர்லின் இப்போது போட்டிகளில் ஓடுகிறது. பிறாண்ட்ஸ் ஹட்ச் லண்டனுக்குப் பக்கத்தில், கென்ற் பகுதியில்தான் இருக்கிறது. பழைய போர்முலா போர்ட் போட்டி நடக்கும் நாளாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். போட்டிக்கு முன்னர் கார்களுக்குக் கிட்டப்போய்க் கூட்டையும் குழாயையும் பார்க்கலாம், கேட்டால் சொந்தக்காரர்கள் ஆசையோடு கதை சொல்வார்கள். சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். அங்கே விலை கூட.