டிராகனுக்கு அந்த உலகில் இடம் உண்டா?

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டுப் பதிவு செய்த விலங்குக் கதைகளை அதில் இரண்டாகப் பிரித்திருந்தேன். யானை, புலி, கரடி ஆகியன ‘உண்மை விலங்குகள்’; யாளியும் காவில் குடியிருக்கும் நாகமும் ‘புராண விலங்குகள்’. எழுதி ஓராண்டு ஆகியும் அந்தக் கோட்டை எவரும் கேள்வி கேட்கவில்லை, நான் உட்பட. கேள்வி வந்தது, சற்றும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து.

சென்ற மாதம் இரண்டு இளங்கலை மாணவர்கள் என் எதிரில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ‘ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு’ என்பது அதன் பெயர். 2015இல் முன்னோட்டமாகவும் 2017இல் முழுமையாகவும் வெளிவந்த இணையவழி விளையாட்டு. ஆடுபவர் வெறுங்கையோடு ஒரு கடற்கரையில் கண் விழிக்கிறார்; பசி, குளிர், வெயில் ஆகியவற்றைத் தாக்குப்பிடித்து, டைனோசர்களைப் பிடித்துப் பழக்கி உயிர் பிழைக்க வேண்டும். அத்தகைய உலகில் தீ உமிழும் டிராகனுக்கு என்ன வேலை என்பதே அவர்களின் வழக்கு.

“அக்கா, டைனோசர் வாழ்ந்ததுக்கு எலும்பு இருக்கு. டிராகனுக்கு என்ன இருக்கு? ஆட்டத்தையே கெடுக்குது” என்றான் ஒருவன்.

மற்றவன் சின்னக்கானல் பக்கத்து ஏலத்தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. “டைனோசர் எல்லாத்தையும் மயக்க அம்பு போட்டுப் படுக்க வச்சு, தீனி குடுத்துப் பழக்கிடலாம்க்கா. டிராகன் ஒண்ணுதான் பயமா இருக்கு. அதையும் எடுத்துட்டா அப்புறம் அது என்ன காடு?” என்றான்.

முதலாமவனின் வாதம் வலுவானதாகத் தோன்றும். ஆனால் விளையாட்டுக்குள்ளேயே அது நிற்காது. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டைரனோசாரஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். காலக்கணக்கில் டைரனோசாரஸ் ஸ்டெகோசாரஸைவிட நமக்கே நெருக்கமானது. இவ்விரண்டையும், கூடவே மாமத யானையையும் ஒரே தீவில் உலவவிட்ட கணமே அந்த உலகம் வரலாற்றை விட்டுப் புராணத்துக்குள் நுழைந்துவிட்டது. எலும்பு இருப்பது மட்டும் ஓர் உயிரை ஓர் உலகத்துக்கு உரியதாக்கிவிடாது.

அறிவியலும் டிராகனை அவ்வளவு எளிதில் கைவிட்டுவிடவில்லை. லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட வகைப்பாட்டு நூலின் முதற்பதிப்பில், நம்பத்தகாத விலங்குகளுக்கென்று ஒரு தனிப்பகுதி ஒதுக்கி, ஃபீனிக்ஸோடும் ஒற்றைக்கொம்பனோடும் டிராகனையும் அதில் வைத்தார். 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் ‘டிராக்கோ’ என்ற அதே பெயர் பறக்கும் ஓணான் பேரினத்தின் பெயராகிவிட்டது. அப்பேரினத்தின் தென்னிந்திய உறவினர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கமுகந்தோப்புகளில் இன்றும் எறும்பு தின்று, விலாச்சவ்வை விரித்து மரம் விட்டு மரம் தாவுகிறது. நம்பிக்கையற்றோர் பட்டியலில் கிடந்த ஒரு பெயர், இரையும் மரமும் உள்ள ஓர் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டது.

அப்படியானால் கேட்க வேண்டியது, டிராகன் உண்மையா என்பதன்று. அந்த உலகில் அதற்கு இருப்பிடம் உண்டா என்பதே. இந்த அளவுகோலால் பார்த்தால், ஒரே விளையாட்டில் இரு வகையான டிராகன்கள் இருப்பது தெரியும். முதல் தீவின் டிராகன் எங்கும் வாழ்வதில்லை. குறிப்பிட்ட பொருள்களைத் திரட்டிக் காணிக்கை செலுத்தினால் போர்க்களம் திறக்கும், அது வரும், கொல்லலாம், மீண்டும் அழைத்து மீண்டும் கொல்லலாம். 2016இல் வந்த ‘ஸ்கார்ச்டு எர்த்’ விரிவாக்கத்தின் வைவர்ன் அப்படியன்று. அதற்கென்று ஒரு பெரும் பள்ளத்தாக்கு இருக்கிறது, கூடு இருக்கிறது, முட்டை இருக்கிறது. வளர்ந்த வைவர்னைப் பழக்க இயலாது. முட்டையைத் திருடினால் சுற்றியுள்ள வைவர்ன்கள் துரத்தி வரும். பொரித்த குஞ்சு வைவர்ன் பாலன்றி வேறெதையும் குடிக்காது. அந்தப் பாலுக்காக மீண்டும் அதே பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். முதலாவது டிராகன், உருவம் பெருத்த ஓர் எதிரி மட்டுமே. இரண்டாவது, ஆடுபவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது போன்ற ஓர் உயிர். புராணத்தில் பிறந்ததாயினும் அந்த நிலத்துக்கு உரியது.

இவ்வளவையும் அவர்களிடம் சொல்லி முடித்தபோது எனக்கு நிறைவாகவே இருந்தது. சின்னக்கானல் மாணவன் மட்டும், “எங்க ஊரு அரிக்கொம்பனுக்கும் இதையேதானே கேட்டாங்க” என்றான். அதன் பிறகு என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்ததால் வந்த பெயர் அரிக்கொம்பன். முதலில் அதைப் பிடித்துக் கும்கியாக்கத் திட்டமிட்டார்கள். கேரள உயர்நீதிமன்றம் தடுத்தது. வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குக் கொண்டுபோவதென்று 2023 ஏப்ரலில் முடிவானது. முதலமடைப் பகுதி மக்கள் எதிர்த்தனர். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்தி, ரேடியோ காலர் பூட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை மீண்டும் மயக்கிப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது. கேரளத்தின் ஒரு மாவட்டம், இன்னொரு மாவட்டம், பிறகு வேறொரு மாநிலம்: போன இடமெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. இது இங்கே இருக்கலாமா?

எலும்பும் சதையுமான ஓர் உயிரைக் குறித்து நாம் கேட்டது, அந்த மாணவர்கள் டிராகனைக் குறித்துக் கேட்ட அதே கேள்வி. அதே காலத்தில் சமூக ஊடகத்தில் அரிக்கொம்பனுக்கு இரசிகர்கள் திரண்டார்கள், அவன் நாயகனானான். அவர்களில் பலர் அந்த ஏலத்தோட்டங்களை இரவில் கடந்து நடந்தவர்கள் அல்லர். நடந்தவர்களின் அச்சத்துக்கு அந்தப் பதிவுகளில் இடமில்லை. அழைத்தால் வந்து, ஆர்ப்பரித்து, மறைகிற போர்க்கள டிராகனைப் போல அவர்களுடையது இருப்பிடம் அற்ற புராணம்.

இதை நான் வெளியிலிருந்து எழுதவில்லை. என் வீடு பாலக்காட்டில் தோணி மலையடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் பகுதியில் இறங்கிய யானைக்கு வனத்துறை வைத்த பெயர் ‘பி.டி.7’, பாலக்காட்டுக் கொம்பன் ஏழு என்பது அதன் விரிவு. 2022இல் காலை நடைக்குச் சென்ற ஒருவர் அதனால் உயிரிழந்தார். அதன்பின் அம்மா விடியலுக்கு முன் வாசல் தெளிப்பதை நிறுத்தினார். 2023 ஜனவரி 22 அன்று மயக்க ஊசி செலுத்தி, கும்கிகளின் உதவியோடு பிடித்து மரக் கராலில் அடைத்தார்கள். ‘தோணி’ என்று பெயர் சூட்டினார்கள். ஊர் பெருமூச்சு விட்டது, நானும்தான். பிறகு அதன் உடலில் துப்பாக்கிச் சிதறல்கள் இருந்ததும், ஒரு கண்ணில் பார்வை போனதும் செய்தியாக வந்தன. அம்மா அதைப் படித்துவிட்டு, “பெரியவரு பாவம்” என்று மட்டும் சொன்னார். அவரைத் தவிர வேறெவரும் அந்த யானையைப் ‘பெரியவர்’ என்று சொல்லி நான் அந்நாள்களில் கேட்கவில்லை. எங்கள் பாட்டி தலைமுறையில் யானைக்கு அதுதான் பெயர்.

மயக்க அம்பு, தீனி, பழக்குதல்: மாணவன் விளையாட்டைப் பற்றிச் சொன்ன மூன்றும் கராலுக்கும் பொருந்துகின்றன. பிடித்தது தவறென்று நான் சொல்லவில்லை. அம்மாவின் விடியற்காலைகள் எனக்கு முக்கியம். ஆனால், பழக்குதலைத் தவிர வேறோர் உறவை நம்மால் எண்ணிப்பார்க்கவே முடியாமல் போனது எப்போது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியோர் உறவு நம்மிடம் இருந்தது. சர்ப்பக்காவில் விதிகள் யாவும் மனிதருக்கானவை. மரம் வெட்டாதே, கண்டபடி நுழையாதே, அந்தியில் விளக்கு வை, ஆயில்யத்தன்று நூறும் பாலும் கொடு. நாகத்துக்கு ஒரு விதியும் இல்லை. நிலம் பங்கு பிரியும்போது காவை அகற்ற நேர்ந்தால், அதற்கும் ‘காவுமாற்றம்’ என்றொரு சடங்கு உண்டு. இருக்கும் நாகத்திடம் அனுமதி வேண்டி, வேறிடத்தில் குடியமர்த்துவது அது. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரை இடம்மாற்ற அத்தனை தயக்கம் காட்டியவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தார்கள்.

ஆகவே அந்த மாணவர்களுக்கு என் விடை: டிராகனுக்கு அந்த உலகில் இடம் உண்டு, அதற்கு அங்கே ஒரு வீடு இருக்குமானால், அந்த வீட்டின் பொருட்டு ஆடுபவர் தம் கையைச் சிறிதேனும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்குமானால். உயிர்பிழைப்பதையே இலக்காகக் கொண்ட ஓர் உலகத்தில், நம் பிழைப்புக்குப் பயன்படாத ஓர் உயிராவது இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் பழக்கிவிடலாம் என்ற உலகம் காடு அன்று, தொழுவம்.

அட்டவணையை இப்போது மாற்றி எழுதுகிறேன். ‘உண்மை’, ‘புராணம்’ என்ற தலைப்புகளை நீக்கிவிட்டேன். ஒவ்வொரு விலங்குக்கும் எதிரே இரண்டு கேள்விகள் மட்டும்: அது எங்கே வாழ்கிறது? அதன் பொருட்டு மனிதர் எதைச் செய்யாமல் இருக்கிறார்கள்? நாகத்துக்கு இரண்டாவது கட்டம் நிரம்பி வழிகிறது. யானைக்கு அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவதென்று இன்னும் தெரியவில்லை. இத்துறையில் களப்பணி செய்யும் நண்பர்கள், தங்கள் பகுதியில் கேட்டறிந்தது ஏதேனும் இருப்பின் பகிர வேண்டுகிறேன்.